கராஜுக்குச் சூடு

ஞானம்பிகை கணவனை ஏசுவதில்லை. அவன் எதையாவது பெரிதாகச் சொல்லத் தொடங்கினால் கையில் இருக்கிற வேலையை ஒரு கணம் நிறுத்தி, மூக்கால் "ம்" என்று ஒரு சத்தம் விடுவாள். அவ்வளவுதான். பலெர்மோவில் இருக்கிற யாழ்ப்பாணத்துச் சனத்தில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம் தெரியும். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தங்கள் சட்டையில் ஏதும் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்தவர்களும் உண்டு.

கணவன் நகுலேஸ்வரனுக்கு மட்டும் அது கேட்காது. இருபத்தைந்து வருடமாகக் கேட்கவில்லை. துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு ஹொட்டலில் பெட்டி தூக்குகிற வேலை அவனுக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மூன்று சங்கங்களின் நிர்வாகி. மைக்கைக் கண்டால் தொண்டையைச் செருமுவான். யார் வீட்டில் கொண்டாட்டம் என்றாலும் வரவேற்புரை அவனுடையது. வரவேற்கப்பட்ட சனம் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அது எப்போது முடியும் என்று பார்த்திருக்கும்.

ஞானம்பிகை பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், ஒரு இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் இருபத்தொரு வருடம் வேலை செய்தவள். பளிங்குத் தரை துடைத்தாள், சட்டை அயன் பண்ணினாள், திரைச்சீலைகளின் ஓரம் தைத்தாள். அந்த ஓரம் தைப்பதில்தான் தையல் அவள் கையில் படிந்தது. சிஞ்ஞோரா மகளோடு இருக்க மிலானுக்குப் போனபோது ஞானம்பிகை இனி இன்னொரு வீட்டுத் தரையைத் துடைப்பதில்லை என்று முடிவெடுத்தாள். நகரத்துக்குள் சீசா என்கிற பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்த குடும்பம், மொந்தெல்லோக் கடற்கரைக்குப் போகிற வழியில், பர்த்தானாவில் ஒரு சின்னத் தனிவீட்டுக்கு மாறியது. வீட்டோடு ஒட்டினபடி ஒரு கராஜ். அதற்கும் குசினிக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு கதவும்.

நகுலேஸ்வரனுக்கு அந்த வீட்டில் பிடித்ததே கராஜ்தான். கார் உள்ளே நிற்பதை அவன் ஒரு பதவி உயர்வு போல நினைத்தான். வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை அவன் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த பின்னேரம், ஞானம்பிகை இரண்டு தையல் மெசினையும் வெட்டுகிற மேசையையும் அங்கே இறக்கிவைத்தாள். திரும்பி வந்தவன் சட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காரைத் தெருவில் நிறுத்தினான். இரண்டு நாள் கதைக்கவில்லை. அவளுக்கு அது விடுமுறை மாதிரி இருந்தது.

வேலை பிடித்துக்கொண்டது. சாறிச் சட்டை, பாவாடை தாவணி, பரதநாட்டிய உடுப்பு. பிறகு பக்கத்துத் தெருச் சிசிலிக்காரிகளின் காற்சட்டை, பிள்ளைகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும்போது போடுகிற வெள்ளைச் சட்டை. தனியாகச் சமாளிக்க முடியாமல் ரதியைச் சேர்த்துக்கொண்டாள். ரதிக்கு முப்பத்திநாலு வயது. பல்லரோச் சந்தைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தாள். இரண்டு பஸ் மாறி, கிழமையில் நாலு நாள் வருவாள். கதை குறைவு, கை வேகம்.

பலெர்மோவில் குளிர் இல்லை என்று சொல்கிறவர்கள் ஓகஸ்ட் மாதம் வந்து போனவர்கள். வெயிலுக்குப் பயந்து கட்டின வீடுகள் அவை. தை மாதத்தில் வெளியே நிற்பதை விட உள்ளே நிற்பது குளிர். சுவர் ஈரம் உறிஞ்சி நிற்கும். கராஜ் அதிலும் மோசம்: சீமெந்துத் தரை, இரும்புச் சட்டர், சட்டருக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி. கடல் காற்று அதற்குள்ளால் வந்து காலைக் கடிக்கும். ரதி விரல் நுனி வெட்டின கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். நாலு தரம் தவறி ஐந்தாம் தரம் நுழையும்.

மேசைக்குக் கீழே ஒரு சின்னக் காற்று ஹீற்றர் வைத்துப் பார்த்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அயன்பெட்டியையும் போட்டால் வீடு முழுக்க இருண்டுவிடும். மின்மானி அவ்வளவு பாரம் தாங்காது. மழைக்குள் வாசல் படலையடிக்கு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, விழுந்த சுவிச்சைத் தூக்கிவிட வேண்டும். கடைசியில் சூடு வேண்டுமா அயன் வேண்டுமா என்று ஒவ்வொரு மணித்தியாலமும் தெரிவு செய்யவேண்டி வந்தது. அயன்தான் வென்றது. சுருங்கின சட்டையை யார் வாங்குவார்கள்?

அந்த மார்கழியில்தான் கனடாவில் இருந்து டெனிஸ்டன் வந்து இறங்கினான். நகுலேஸ்வரனின் தங்கை புருஷன். தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை, இவனுக்கு மட்டும் ஐந்து கிழமை கிடைத்திருந்தது. அவன் ஐந்து கிழமை இல்லாததால் அங்கே எந்த வேலையும் நின்றுபோகவில்லை என்பதே ஞானம்பிகைக்குப் போதுமான செய்தியாக இருந்தது. முழங்கால் வரைக்கும் வருகிற ஒரு தடித்த ஜக்கெற்றோடு வந்தான். பலெர்மோவில் அதைப் போட்டால் வேர்க்கும், கழற்றினால் குளிரும். அவன் அதை நாள் முழுக்கப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

வந்த இரண்டாம் நாள் கராஜுக்குள் எட்டிப் பார்த்தான். ரதியின் கையுறையைப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், இதென்ன கோலம்? எங்கட ரொறன்ரோவில கராஜுக்குச் சூடு இல்லாத வீட்டைச் சனம் வீடெண்டே சொல்லாது. சீலிங்கில ஒரு காஸ் ஹீற்றர் தொங்கும். பட்டனை அமத்தினால் சரி. வெளியில மைனஸ் இருபது, உள்ளை நான் பெனியனோட நிண்டு கார் கழுவுவன்."

"இஞ்சை மைனஸ் இருபது இல்லையே தம்பி," என்றாள் ஞானம்பிகை.

"அதுதானக்கா, இன்னும் லேசு!"

நகுலேஸ்வரனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை அவள் அறிவாள். மைக்கைக் காணும்போது வருகிறது அது. அவள் மெசினை நிறுத்தி "ம்" என்றாள்.

அடுத்த பத்து நாளும் அந்த வீட்டில் வேறு கதை இல்லை. சீலிங் காஸ் ஹீற்றருக்கு இரண்டு ஆண்களும் ஏணி வைத்து அளவெடுத்தார்கள். கடதாசியில் படம் கீறினார்கள். அதை எங்கே தொங்கவிடுவது என்று ஒரு முழுப் பின்னேரம் வாக்குவாதப்பட்டார்கள். நாலாம் நாள் ஞானம்பிகை, தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தத் தெருவுக்குக் காஸ் குழாய் வரேல்லை. நாங்கள் சிலிண்டரில சமைக்கிறம். ஆறு மாசமாய் அந்தச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வாறது ஆரெண்டு நினைக்கிறியள்?"

தூக்கிக்கொண்டு வருவது நகுலேஸ்வரன்தான். அவன் படத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

பிறகு மரத்தூளை இறுக்கிச் செய்த உருண்டைகளை எரிக்கிற அடுப்பு. நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய கடையில் அது வரிசையாக நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு ஆடியது. இரண்டு பேரும் அதற்கு முன்னால் போய் நின்று, கோயிலில் திரை விலகினது போலப் பார்த்தார்கள். ஞானம்பிகையும் போயிருந்தாள். புகைக்குழாய் எந்தச் சுவரால் வெளியே போகும், கதவைத் திறந்து சாம்பல் அள்ளும்போது வெள்ளைத் துணியில் படியாதா என்று விற்பனையாளனை இத்தாலியனில் கேட்டாள். அவன் அவளுடைய கேள்விக்கு நகுலேஸ்வரனைப் பார்த்துப் பதில் சொன்னான். நகுலேஸ்வரனுக்குப் பாதி விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மூன்றாவதாக மண்ணெண்ணெய் ஹீற்றர். "பட்டுச் சாறியில மண்ணெண்ணெய் மணந்தால் ஆர் கட்டுறது?" என்று அவள் கேட்டாள்.

டெனிஸ்டன் சிரித்தான். "அக்கா எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்லுறா."

"உமக்கு என்ன தெரியும் ஞானம்?" என்றான் நகுலேஸ்வரன். "கராஜ் விசயம் ஆம்பிளையளின்ர விசயம். நீர் தைக்கிறதைப் பாரும்."

அந்தப் பத்து நாளில் ஒருவனாவது, நீர் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் அங்கே இருக்கிறீர் என்று கேட்கவில்லை. குளிர் காலிலா கையிலா என்று ரதியைக் கேட்கவில்லை. அவர்கள் சூடாக்கப் பார்த்தது டெனிஸ்டனின் வாயில் இருந்த கராஜை. அதற்குள் மனுசர் இல்லை, ஒரு கழுவின கார் மட்டும் நின்றது.

கடைசியில் தீர்வு றோபேட்டின் ரூபத்தில் வந்தது. றோபேட் மொந்தெல்லோவில் ஒரு கடற்கரைச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவன், நகுலேஸ்வரனின் சங்கத்துப் பொருளாளர். மாரிக்குக் கடை பூட்டும்போது, வெளியே மேசைகளுக்கு நடுவில் வைக்கிற பழைய காஸ் ஹீற்றர் ஒன்றை முதலாளி எறியச் சொன்னாராம். ஆள் உயரத்துக்கு ஒரு தூண், மேலே ஒரு தகரத் தொப்பி, கீழே சிலிண்டர் வைக்கிற கூடு. பார்க்கக் காளான் மாதிரி. இரண்டு ஆண்களும் றோபேட்டும் அதைக் கராஜின் நடுவில் நிறுத்திவிட்டு, மூன்று பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பொங்கலுக்குச் சனத்தைக் கூப்பிடுவம்," என்றான் நகுலேஸ்வரன். "இஞ்சையே வைப்பம். திறப்பு விழா மாதிரியும் இருக்கும்."

ஒரு ஹீற்றருக்குத் திறப்பு விழா. ஞானம்பிகை சிரிக்கக்கூட இல்லை.

பொங்கலுக்குப் பிந்தின ஞாயிற்றுக்கிழமை என்று நாள் வைத்தார்கள். அன்று காலை அவள் அந்தக் காளானைத் துடைத்தாள். கடல் உப்பும் புறா எச்சமும் பிடித்துக் கிடந்தது. சிலிண்டர்க் கூட்டின் பின்பக்கம் ஒரு ஒட்டுத்தாள், பாதி கிழிந்திருந்தது. மிச்சப் பாதியில் இத்தாலியனில் ஒரு வரி: திறந்த வெளியில் பாவிக்க மட்டும். இருபத்தொரு வருடம் சலவைத் திரவப் போத்தல்களின் ஒட்டுத்தாளை வாசித்தே மொழி படித்தவள் அவள். அந்த வரி அவளுக்கு ஒரு முறையிலேயே விளங்கியது.

துணியை வாளிக்குள் போட்டாள். சொல்லலாம் என்று குசினி வரைக்கும் போனாள். அங்கே டெனிஸ்டன், வரவேற்புரையில் தன்னைப் பற்றி என்ன சொல்லவேண்டும் என்று நகுலேஸ்வரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். புகைக்கும், மணக்கும், முகட்டைக் கறுப்பாக்கும் என்று நினைத்தாள். இரண்டு பேரும் சனத்துக்கு முன்னால் இருமட்டும். ஒருக்கால் வெட்கப்படட்டும்.

பின்னேரம் பதினெட்டுப் பேர் வந்தார்கள். மழை சாய்த்து அடித்தது. சட்டரை முழுதாக இறக்கினார்கள். கீழ் இடைவெளிக்குப் பழைய போர்வையைச் சுருட்டி அடைத்தவன் டெனிஸ்டன். "சூடு போகக்கூடாது" என்று குசினிக் கதவையும் சாத்தினான். நகுலேஸ்வரன் வேட்டிக்கு மேலே சுவெற்றர் போட்டுக்கொண்டு, மைக் இல்லாமலே தொண்டையைச் செருமினான். புலம்பெயர்ந்த மண்ணில் தமிழன் அடைந்த உயரங்கள் பற்றிப் பேசினான். அந்த உயரங்களில் ஒன்று அவனுக்குப் பக்கத்தில் தகரத் தொப்பியோடு நின்றது. டெனிஸ்டன் நெருப்பு மூட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

புகை வரவில்லை. மணக்கவும் இல்லை. பத்து நிமிசத்தில் கராஜ் உண்மையாகவே சூடாகிவிட்டது. சனம் ஜக்கெற்றைக் கழற்றியது. "அருமை, அருமை" என்றார் ஒருவர். ஞானம்பிகை வடைத் தட்டோடு சிரித்த முகமாக நடந்தாள். இந்த முட்டாள்கள் வென்றுவிட்டார்கள் என்று ஒரு எரிச்சல் அவளுக்கு. ஒட்டுத்தாளின் நினைவு ஒரு தரம் வந்தது. அதை அந்த எரிச்சல் மூடிவிட்டது.

ரதி தன் மெசின் ஸ்ரூலில், காளானுக்கு மிகக் கிட்ட இருந்தாள். எல்லாரையும் விட அவளுக்குத்தான் அந்தக் கராஜின் குளிர் தெரியும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவள் ஞானம்பிகையின் சாறியைப் பிடித்தாள்.

"அக்கா, தலை இடிக்குது."

"மத்தியானம் சாப்பிடேல்லைப் போல. வடையைச் சாப்பிடும்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு ஒட்டுத்தாள் மறுபடி நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் இருந்த ஒரு பெண்ணும் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கொட்டாவி விட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர். ரதி எழும்பப் பார்த்தாள். முழங்கால் மடிந்தது. மெசின் மேசையில் வாந்தி எடுத்தபடி பக்கவாட்டில் சரிந்தாள்.

தட்டு விழுந்தது. "எல்லாரும் வெளியில போங்கோ!" என்று ஞானம்பிகை கத்தினாள். அவள் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. சிலிண்டரின் வாயை முறுக்கிப் பூட்டினாள். சட்டரைத் தூக்கினாள், அது அரைவாசியில் சிக்கியது. தோளைக் கொடுத்து முட்டினாள். மழையும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. பட்டுச் சாறியோடும் வேட்டியோடும் பதினெட்டுப் பேர் தெருவில் மழைக்குள் நின்று மூச்சு வாங்கினார்கள். ரதியை நகுலேஸ்வரன் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டி தூக்கின கை. அது ஒன்றுதான் அன்று அவன் சரியாகச் செய்தது.

அம்புலன்ஸ் வரும் வரைக்கும் டெனிஸ்டன் ஜக்கெற்றின் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு நின்றான்.

"வென்ரிலேசன் பிரச்சினை," என்றான். "கனடாவில எண்டால்..."

ஞானம்பிகை அவனைப் பார்த்தாள். "ம்" கூட வரவில்லை. அவன் வசனத்தை முடிக்கவில்லை.

ரதிக்கு அடுத்த நாள் விடியும் வரைக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். எரிகிற காஸ் மூடின இடத்தில் விடுகிற நஞ்சு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது என்று டொக்ரர் விளக்கினார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கிவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் கடதாசியைப் பார்த்தார். நகுலேஸ்வரன் ஈர வேட்டியோடு நடைபாதையில் நின்று ரெலிபோனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். "சின்ன ஒரு தலைச்சுத்துத்தான். நிகழ்ச்சி நல்லாய் நடந்தது."

அவனோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் அவனை அவ்வளவு சின்னவனாக அவள் கண்டதில்லை. அதில் அவளுக்கு ஒரு திருப்தியும் வரவில்லை. வரும் என்றுதான் காலையில் நினைத்திருந்தாள்.

திங்கள் ரதி வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. ரெலிபோன் எடுக்கவில்லை. புதன்கிழமை ஞானம்பிகை இரண்டு பஸ் மாறிப் பல்லரோவுக்குப் போனாள். ரதி கிழமைக்கு நாலு நாள் செய்கிற பயணத்தை அவள் முதல் தரமாகச் செய்தாள். மீன்காரர்களின் கூவலுக்கு நடுவால் ஒடுங்கின படியில் ஏறினாள். ரதி கதவைத் திறந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. இருங்கோ என்று சொன்னாள், தேத்தண்ணி கேட்கவில்லை.

"எப்பிடி இருக்கிறீர்?"

"இருக்கிறன்."

ஞானம்பிகை கைப்பையைத் திறந்து மூடினாள். பழமும் சத்துமாவும் கொண்டுவந்திருந்தாள். அதை எடுக்கவில்லை.

"ரதி, எனக்குத் தெரியும். அதில ஒட்டியிருந்ததைக் காலமை வாசிச்சனான். வெளியில வைக்கிறது எண்டு எழுதியிருந்தது."

"வாசிச்சுப்போட்டு வடை குடுத்தனீங்களோ?"

"இவ்வளவு மோசமெண்டு தெரியாது. புகைக்கும், அவையள் வெட்கப்படுவினம் எண்டுதான்..."

"அவையளை நீங்கள் மதிக்கிறேல்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள் ரதி. குரல் உயரவே இல்லை. "சிரிப்பாய்த்தான் இருக்கும். அண்ணை ஏதும் சொல்ல நீங்கள் மூக்கால சத்தம் போடுவியள், நான் நூலைக் கடிச்சுக்கொண்டு சிரிப்பன். என்னையும் நீங்கள் மதிக்கேல்லை எண்டு இப்பதான் தெரியுது. அந்த ஸ்ரூலில ஆர் இருப்பினமெண்டு யோசிக்கேல்லையே நீங்கள்."

கீழே ஒருவன் கணவாய் விலையைக் கூவினான். ஞானம்பிகை எழும்பினாள். மன்னிச்சுக்கொள்ளும் என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் பழகாத சொல், மொட்டையாக வந்தது. பழத்தையும் மாவையும் கதவடியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

பஸ்ஸில் சீற் கிடைத்தும் அவள் இருக்கவில்லை. டெனிஸ்டனை நினைத்தாள். அவனுக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று சொன்னான். தனக்குத் தெரியும், தெரிந்ததைச் சொல்லவில்லை. இதில் எவர் கேவலம் என்று கணக்குப் பார்த்தபோது, அந்த ஜக்கெற்றுக்காரன் ஒரு படி மேலே நின்றான். அவனுக்குக் கீழே போய் நிற்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு மொனிகாவுக்கு ரெலிபோன் எடுத்தாள். மொனிகா சீசாவில் இருக்கிற சிசிலிக்காரி, மின்சாரமும் ஏசியும் செய்கிறவள், சொந்தமாக ஒரு வான் ஓடுகிறாள். சிஞ்ஞோராவின் வீட்டு ஏசியைக் கழுவ வருடத்துக்கு ஒரு தரம் வருவாள். முதல் தரம் வந்தபோது, ஒரு பெட்டை இதை என்ன கிழிக்கப்போகிறாள் என்று ஞானம்பிகையே நினைத்ததுண்டு.

மொனிகா வந்து சட்டரைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு ஞானம்பிகையிடம் கேட்டாள்:

"நீங்கள் எங்கே இருப்பீர்கள்? எத்தனை மணித்தியாலம்? அயன்பெட்டி எத்தனை தரம் போடுவீர்கள்?"

ஒரு மாதத்தில் அந்தக் கேள்வி அப்போதுதான் அந்தக் கராஜுக்குள் வந்தது. ஞானம்பிகை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். டெனிஸ்டன் பின்னால் நின்று ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினான்.

"இவர் யார்?" என்றாள் மொனிகா.

"விருந்தாளி," என்றாள் ஞானம்பிகை. "அடுத்த கிழமை போகிறார்."

மொனிகா சொன்னது எளிது. துணியும் நூலும் பஞ்சும் பறக்கிற இடத்தில் நெருப்பு எரிகிற எதுவும் வேண்டாம். காஸும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். அடுத்தது, சூடு போடுவதற்கு முதல் சூடு போகிற வழியை அடைக்கவேண்டும். சட்டருக்கு உட்பக்கம் தடித்த நுரைப்பலகை, கீழே ரப்பர்ப் பட்டி, சீமெந்துக்கு மேலே ஒரு விரிப்பு. அதற்குப் பிறகு இரண்டு வழி. தலைக்கு மேலே தொங்குகிற கதிர்ச்சூட்டுப் பலகை. போட்ட உடனே ஆளைச் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. இரண்டு மெசினுக்கு இரண்டு பலகை வேண்டும், மின்சாரம் கூட இழுக்கும். மற்றது சூடும் குளிரும் தருகிற சின்ன ஏசி. மெதுவாகச் சூடாக்கும், ஆனால் குறைவாக இழுக்கும், அயன்பெட்டியோடு சேர்ந்தாலும் மின்மானி தாங்கும். ஓகஸ்டிலும் உதவும். பஞ்சு அடைக்கும் என்பதால் அதன் வடிகட்டியைக் கிழமைக்கு ஒரு தரம் கழுவவேண்டும்.

"கழுவலாம்," என்றாள் ஞானம்பிகை. "அந்த ஏசியைப் போடுங்கள்."

நகுலேஸ்வரன் குசினிக் கதவடியில் நின்றான். "ஞானம், நானும் மச்சானும் ஒருக்கால் கதைச்சுப்போட்டு..."

"நான் சொல்லிப்போட்டன். இனிக் கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

அவன் நுரைப்பலகையைத் தான் வெட்டித் தரலாமா என்று கேட்டான். இரண்டு பின்னேரம், சட்டரின் ஒவ்வொரு தகட்டுக்கும் அளந்து, சட்டர் சுருளும்போது இடிக்காத மாதிரி மெல்லிய துண்டுகளாக வெட்டி ஒட்டினான். ஒரு வளைவும் இல்லை. அவளுக்குப் பிழை பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தும். இந்தக் கையை வைத்துக்கொண்டு இவன் ஏன் வாயால் வாழ்கிறான் என்று நினைத்தாள்.

டெனிஸ்டன் போனான். போய் மூன்றாம் நாள், சுவரில் பூட்டின ஏசியின் படத்தைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டு, பலெர்மோவில் மச்சானுக்குத் தான் தெரிவு செய்துகொடுத்த நவீன ஹீற்றிங் என்று எழுதினான். படத்தை அவனுக்கு அனுப்பினது யார் என்று ஞானம்பிகைக்குக் கேட்கத் தேவையில்லை. நகுலேஸ்வரன் அதற்குக் கீழே கைகூப்பின அடையாளம் இரண்டு போட்டிருந்தான். அவள் ரெலிபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரதிக்கு எடுத்தாள். இந்தத் தரம் ரதி எடுத்தாள்.

"எரியிற சாமான் ஒண்டும் இப்ப இல்லை," என்றாள் ஞானம்பிகை. "வந்து பாரும். பிடிக்காட்டில் போகலாம்."

"வந்து பாக்கிறன். வாறனெண்டு சொல்லேல்லை."

வெள்ளிக்கிழமை வந்தாள். ஜக்கெற்றைக் கழற்றாமலே ஏசிக்குக் கீழே போய் நின்று, அதில் ஒட்டியிருந்த தாளை மேலிருந்து கீழே வாசித்தாள். அவளுக்கு இத்தாலியன் கொஞ்சம் மட்டுமட்டு. விளங்காத சொல்லைக் கேட்டாள், ஞானம்பிகை சொன்னாள். முழுக்க வாசித்து முடிய ஜக்கெற்றைக் கழற்றி ஆணியில் கொழுவினாள். ஸ்ரூலைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். முன்பு போல அக்கா என்று கூப்பிட ரதிக்கு இன்னும் இரண்டு கிழமை பிடித்தது.

மாசி மாதம் ஒரு பின்னேரம், நகுலேஸ்வரன் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கேட்காமல் தேத்தண்ணி கொண்டுவருவது அவனுக்குப் புதுப் பழக்கம். கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, படியில் நின்று முகட்டையும் சட்டரையும் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"சங்கத்தில கேக்கினம், இதைப் பற்றி ஒரு சின்ன விளக்கவுரை..."

ரதி நூலைக் கடித்தபடி குனிந்துகொண்டாள். ஞானம்பிகை மெசினை நிறுத்தினாள். மூக்கு வரைக்கும் வந்ததை விழுங்கினாள்.

"கதவைச் சாத்துங்கோ," என்றாள். "உள்ளை நிண்டெண்டாலும் சரி, வெளியில நிண்டெண்டாலும் சரி. சூடு போகுது."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.